கோமளா எந்த வண்டியில் ஏறினாள்?

கிளை நூலகம்,
அம்மா மண்டபம் ரோடு, ஸ்ரீரங்கம்.
5-7-1961

உயர்திரு ரங்கநாயகி அம்மாள் (ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை) அவர்களுக்கு,
தொட்டியம்.

பொருள்: நூல் எண் 2316 திரும்பி வராதது.

மேற்படி எண்ணுள்ள நாவலைத் தாங்கள் 19-6-61 திங்கட்கிழமை மாலை, பதிவேட்டில் பதியாமலே கையோடு எடுத்துச் சென்றுவிட்டீர்கள். மறுநாள் காலை நானே தங்கள் பெயரில் பதிந்துகொண்டேன். இல்லாவிட்டால் அதற்கு வேறு பெயர் சொல்ல வேண்டியிருக்கும். பதினான்கு நாள் தவணையும் முடிந்துவிட்டது. நூலை உடனே திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியது நூலகர் என்ற முறையில். இனி எழுதுவது சொந்த முறையில்.

தாங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகத் தபால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தினமும் மூன்று மணிக்குத் தாங்கள் கதை படிக்கக் கேட்க வருகிற பெரியவர்கள் இன்னமும் வருகிறார்கள். கூடத்துப் பாயில் உட்கார்ந்து, தாங்கள் உட்காரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாலரைக்கு எழுந்து போகிறார்கள். வாழையிலை விற்கிற காளியாயி அம்மாள் மட்டும் போகும்போது என் மேஜை முன்னால் நின்று, "கோமளா எந்த வண்டியில ஏறுனாங்கய்யா?" என்று கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? நான் நாவல் படிப்பதில்லை.

கதையை எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்பது தங்களுக்கே தெரியும். விழுப்புரம் ஜங்ஷனில் கோமளா நிற்கிறாள். ஒரு பக்கம், அவள் சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கிய அண்ணன் சாகக் கிடக்கும் ஊருக்குப் போகிற வண்டி. இன்னொரு பக்கம், சுந்தரேசன் காத்திருக்கும் சென்னைக்குப் போகிற வண்டி. இரண்டுக்கும் மணி அடித்துவிட்டது. "கோமளா குனிந்து பெட்டியைத் தூக்கினாள்" என்று படித்துப் புத்தகத்தை மூடினீர்கள். அதோடு போய்விட்டீர்கள். இது நியாயமா?

மைப்பெட்டி விஷயத்தில் நான் செய்தது விதிப்படிதான். அதில் நான் வருந்த ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ச. அடைக்கலராஜ்,
கிளை நூலகர்.


ஸ்ரீ:

தொட்டியம்,
8-7-1961

மிஸ்டர் அடைக்கலராஜ் அவர்களுக்கு,

விதிப்படியா? முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் மணி அடித்து வாழ்ந்தவளுக்கு நீர் விதி சொல்லித் தர வேண்டாம்.

அன்றைக்கு நீர் செய்ததை நீரே மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்றீர். போடத் தெரியாது என்றால் கட்டைவிரலை வைக்கட்டும் என்றீர். கோமளா ஜங்ஷனில் நிற்கிறாள், அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த நேரம் பார்த்து ஊதா மைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றீர். மாட்டு வண்டி ஓட்டி ஓய்ந்துபோன வீரமலை எழுந்து விறுவிறுவென்று போய்விட்டார். எழுபது வயதுக்கு அந்த வேகம் ஆகாது. தையற்கடை ஜெகபர் சாதிக் பாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியும், ஆனாலும் மற்றவர்களுக்காகத் தலையைக் குனிந்துகொண்டார். காளியாயி புடவைத் தலைப்பில் இரண்டு கையையும் சுற்றி மறைத்துக்கொண்டாள். கை நடுங்கிற்று. நீர் பார்க்கவில்லை, பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

"உங்க லைப்ரரியும் வேண்டாம், உங்க மையும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னமும் அதையேதான் சொல்கிறேன். அவர்களிடம் மன்னிப்புக் கேளும், பிறகு பார்க்கலாம்.

புத்தகம் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேச்சு வேண்டாம்.

இங்கே என் தம்பி சௌரிராஜனும் அவன் அகமுடையாளும் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள். "அக்கா, நீ ஒண்டியா அங்கே எதுக்குச் சமைச்சுண்டு கஷ்டப்படணும்? இங்கேயே இருந்துடேன்" என்கிறான். ஸ்ரீரங்கத்து வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. ஆகவே உமக்கு இனி என்னால் தொந்தரவு இராது.

ரங்கநாயகி.

காளியாயியிடம், டீச்சர் சௌக்கியம் என்று மட்டும் சொல்லும்.


ஸ்ரீரங்கம்,
12-7-1961

டீச்சரம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம் வந்தது. மூன்றாவது முறை கொஞ்சம் குறைவாக.

மைப்பெட்டியை நான் பொழுதுபோகாமல் தூக்கிக்கொண்டு வரவில்லை. ஜூன் மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்களிடம் காட்டாதது என் தவறு. ஆகஸ்டு கடைசிக்குள் தினசரி வருகை சராசரி நாற்பது காட்டாவிட்டால் இந்தக் கிளையை மூடி, புத்தகங்களைத் திருச்சிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வாசல் பதிவேட்டில் விழுகிற கையெழுத்துத்தான் கணக்கு. என் பதிவேட்டில் பேப்பர் பார்க்க வருகிறவர்களையெல்லாம் சேர்த்துப் பதினெட்டு, இருபது. தாங்கள் படிக்கும்போது பாயில் உட்காருகிறவர்கள் இருபத்தாறு பேர். அதில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாலு பேர். மிச்சம் இருபத்திரண்டு பேரும் இலாகாவைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

திருச்சிக்குப் போய்விட்டால் வீரமலை பாலத்தைத் தாண்டி மூன்று மணிக்குக் கதை கேட்க வருவாரா? அவர்களுக்காகத்தான் செய்தேன். செய்த விதம் சரியில்லை என்கிறீர்கள். இருக்கலாம்.

அன்றிலிருந்து மைப்பெட்டியை நான் வெளியே எடுக்கவில்லை, யாரையும் வாசலில் நிறுத்தவுமில்லை. தாங்கள் இல்லாத குறைக்கு நேற்று நானே ஒரு சிறுகதை படித்துக் காட்டினேன். வீரமலை தூங்கிவிட்டார். பாய், "சார், நீங்க படிச்சா கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு, தப்பா நினைக்காதீங்க" என்றார்.

ஒரே ஒரு உதவி. நூலைக்கூடப் பிறகு அனுப்புங்கள். கோமளா எந்த வண்டியில் ஏறினாள் என்பதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். படித்துவிடுகிறேன். காளியாயி அம்மாள் என் மேஜை முன்னால் வந்து நிற்கும்போது தலையை எங்கே திருப்பிக்கொள்வது என்று தெரியவில்லை.

ச. அடைக்கலராஜ்.


ஸ்ரீ:

தொட்டியம்,
16-7-1961

அடைக்கலராஜ் அவர்களுக்கு,

நாற்பது பேர் கணக்கை என்னிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மைப்பெட்டியை வாங்கித் தூர வைத்துவிட்டு, நானே அவர்களிடம் பதமாகப் பேசியிருப்பேன். ஆண்பிள்ளைகளுக்கு வாயில் வராத வார்த்தையெல்லாம் பைலில்தான் இருக்கும்.

கார்டில் முடிவு எழுதுவதா? என்ன விளையாட்டு இது! ஐந்து மாதம் அந்தப் பெண்ணோடு நடந்திருக்கிறார்கள். அவள் கொலுசை அடகு வைத்தபோது காளியாயி மூக்கைச் சிந்தினாள். சுந்தரேசனின் கடிதத்தைத் தபால்காரன் தொலைத்தபோது வீரமலை நம் தபால்காரரோடு ஒரு வாரம் பேசவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கார்டா? முடியாது. தவிர, முடிவை எழுத எனக்கு இப்போது சௌகரியப்படாது. காரணம் கேட்க வேண்டாம்.

இங்கே எனக்குக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டார்கள். தேக்குக் கட்டில். தம்பி பெண்டாட்டி கொசுவலையும் தைத்துவிட்டாள். நல்ல காற்று. வாசலிலிருந்து பார்த்தால் வாழைத் தோட்டம்தான். மூன்று மணிக்கு எல்லாரும் தூங்குவார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

பாயைத் தினமும் உதறிப் போடுகிறீர்களா? பானையில் தண்ணீர் வைக்கிறீர்களா? வீரமலைக்கு இடது காது மந்தம், வலது காது படிக்கிறவர் பக்கம் இருக்கும்படி அவரை உட்காரச் சொல்லுங்கள். உங்கள் கதையில் அவர் தூங்கினதற்குப் பாதிக் காரணம் அதுதான். மற்றப் பாதி நீங்கள்.

ரங்கநாயகி.


ஸ்ரீரங்கம்,
24-7-1961

டீச்சரம்மா,

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காளியாயி அம்மாள் வழக்கம்போல வந்து நின்று, வழக்கம்போலக் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்குத் தெரியாதும்மா! நீங்களே சொல்லுங்க, எந்த வண்டியில ஏறியிருப்பா?" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கே கூடம் கிளம்பிவிட்டது.

வீரமலை, "அண்ணன் வண்டிதான். ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல? சாகப்போறவன்கிட்டப் போயி பகையா?" என்றார். ஜெகபர் சாதிக் பாய்க்கு அது பிடிக்கவில்லை. "அதெல்லாம் இல்ல. சுந்தரேசன் அந்த மெட்ராஸ் வண்டியிலயே வந்து இறங்கிடுவான். பொம்பளப் புள்ள எதுக்குப் பெட்டி தூக்கணும்? ஆம்பளை வரட்டும், இன்ஷா அல்லா" என்றார். ஒரே சத்தம். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று நான் எழுதி மாட்டிய பலகைக்கு நேர் கீழே இந்தக் கூத்து. காவிரியில் குளித்துவிட்டுப் போகிறவர்கள் என்ன சண்டை என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்குப் பாய் முதலிலிருந்து கதை சொன்னார். அவர்களும் உட்கார்ந்து ஆளுக்கொரு வண்டியில் அவளை ஏற்றிவிட்டார்கள்.

கடைசியில் காளியாயி அம்மாள் எழுந்தார். நான் கேட்டபடியே எழுதுகிறேன்: "அவ எதுக்கு ஏறணும்? ரெண்டு வண்டியும் போவட்டும். பெட்டிய கீழ வெச்சு அது மேல உக்காரட்டும். ஒரு காப்பி குடிக்கட்டும். ரெண்டு பேருக்கும் தந்தி அடிக்கட்டும், நான் இங்க இருக்கேன், வேணுங்கிறவங்க வாங்கன்னு. இம்புட்டு நாளா அவதானே எல்லார் பின்னாலயும் போனா?"

கூடத்தில் பாதிப்பேர் தலையை ஆட்டினார்கள். வீரமலை மட்டும், "தந்திக்கு யாரு எழுதுவா?" என்றார்.

அன்றிலிருந்து தினமும் இதே வேலைதான். ஒவ்வொருவர் முடிவையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். வியாழக்கிழமை நாற்பத்துமூன்று பேர், தலையை எண்ணினேன்.

இன்னொன்று. அன்று மாலை காளியாயி அம்மாளிடம், ரேகை வைக்க அப்படி என்ன பயம் என்று கேட்டேன். புருஷன் செத்த பதினாறாம் நாள், மைத்துனர்கள் கருமாதிக் கணக்கு என்று சொல்லிக் கட்டைவிரலை ஒரு காகிதத்தில் வைக்கச் சொன்னார்களாம். லால்குடிப் பக்கம் அரைக் காணி நிலம் அதோடு போய்விட்டது. அன்றிலிருந்துதான் இலை வியாபாரம். கோமளா கதையை அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அவர் முன்னால் ஊதா மையை நீட்டியிருக்கிறேன்.

எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். தாங்கள் சொன்னதற்காக இல்லை. வெட்கமாக இருந்தது, அதற்காக.

அடைக்கலராஜ்.


ஸ்ரீ:

தொட்டியம்,
28-7-1961

அன்புள்ள அடைக்கலராஜுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். தம்பி பெண்டாட்டி பயந்துபோய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள். நான் கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

புத்தகத்தில் முடிவு இல்லை, அடைக்கலராஜ். "கோமளா குனிந்து பெட்டியைத் தூக்கினாள்" என்பதோடு சரி. அதற்கப்புறம் பன்னிரண்டு பக்கம் கிழிந்து போயிருக்கிறது. எந்தப் புண்ணியவான் கிழித்தானோ, அடியோடு, தையல் நூல்தான் மிச்சம்.

நான் முன்கூட்டியே படித்துப் பார்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். "உங்களுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது, சேர்ந்தே தெரிஞ்சுக்கலாம்" என்று அவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அந்தத் திங்கட்கிழமை காலையில்தான், இன்னும் எத்தனை நாள் வரும் என்று பார்க்கலாமே என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். பக்கங்களைக் காணோம். முடிவு வரைக்கும் படிக்கிறேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மத்தியானம் பூராவும் என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்தேன். அந்தச் சமயத்தில் நீங்கள் மைப்பெட்டியோடு வந்தீர்கள். கோபம் நிஜம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் ஓடுவதற்கு ஒரு சாக்கும் கிடைத்தது. பிடித்துக்கொண்டேன். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், யாரும் திறந்து பார்க்கக்கூடாதே என்று. டீச்சர் கிழித்துவிட்டாள் என்று ஒரு பேச்சு வந்தால் நான் எப்படித் தாங்குவேன்? அறுபத்திரண்டு வயதில் என்ன கேவலமான பயம் பாருங்கள்.

நீங்கள் கார்டில் எழுதச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்!

காளியாயி சொன்ன முடிவை இங்கே வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நாலு தரம் படித்தேன். எனக்கே சொன்ன மாதிரி இருந்தது. இங்கே தம்பி இருக்கிறான், பிரியமாகத்தான் இருக்கிறான். இவனை விட்டுவிட்டு வந்தால் மனசு கஷ்டப்படுவான். வராவிட்டால் மூன்று மணிக்கு இப்படிக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஸ்ரீரங்கத்து வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை யாரோ வருகிறார்களாம், வாடகைக்கு. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கிழிந்த விஷயத்தை அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு முகமில்லை.

ரங்கநாயகி.


ஸ்ரீரங்கம்,
4-8-1961

அன்புள்ள டீச்சரம்மா,

முதலில் என் குற்றம். புத்தகம் வாங்கிச் சேர்த்த அன்று பக்கங்களை எண்ணிப் பார்க்க வேண்டியது நூலகரின் கடமை. பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். '2316, பக்கங்கள் சரியாக உள்ளன' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது. என் கையெழுத்துத்தான். எண்ணவே இல்லை. முன் அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறேன். விதி, விதி என்று தங்களிடம் குதித்தவன் லட்சணம் இது.

பெரியவர்களிடம் சொன்னேன். யாருக்கும் கோபமில்லை. "பாவம், அதுக்காவா டீச்சர் ஊரை விட்டே போச்சு?" என்றார் வீரமலை. பாய், "வல்லாஹி, சத்தியமாச் சொல்றேன், நல்லதாப் போச்சு சார். முடிவு இருந்திருந்தா நாங்க வாயைத் திறந்திருப்போமா?" என்றார்.

திருச்சியில் பெரிய நூலகத்துக்குச் சைக்கிளில் போய், அதே நாவலின் இன்னொரு பிரதியை வாங்கி வந்துவிட்டேன். பன்னிரண்டு பக்கமும் இருக்கின்றன. எண்ணினேன், இந்தத் தடவை நிஜமாகவே எண்ணினேன். ஆனால் ஒரு வரிகூடப் படிக்கவில்லை, அந்தோணியார் மேல் ஆணை. படிக்கட்டுமா என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். "டீச்சர் வந்து படிக்கட்டும்." சணல் கயிற்றால் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நேற்று ஆடிப் பெருக்கு. அம்மா மண்டபத்துக் கூட்டம் எப்படியிருக்கும் என்று தங்களுக்குத் தெரியுமே. பாதிப்பேர் நிழலுக்கு நூலகத்தில் ஒதுங்கினார்கள், சித்திரான்ன மூட்டையோடு. அவர்களிடம் பாய் கதை சொன்னார். சொன்னவர் ஒரு தப்புச் செய்தார். காளியாயி அம்மாளின் முடிவு கேட்பவர்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்து, அதைத் தன் முடிவு என்று சொல்லிவிட்டார்.

இலைக் கூடையைக் கீழே போட்டுவிட்டுக் காளியாயி அம்மாள் வந்தார் பாருங்கள்! "அது என்னுது பாய்! நான் சொன்னது! எழுதுங்கய்யா, காளியாயி சொன்னதுன்னு எழுதுங்க. எங்க அந்த மைப்பெட்டி? கொண்டாங்க. ஒருதரம் என் ரேகை என் நிலத்தைக் கொண்டு போச்சு. இந்தத் தரம் இது என்னுதுன்னு சொல்லட்டும்."

நான் மைப்பெட்டியைப் பூட்டி வைத்திருந்தேன். சாவியைத் தேடித் திறந்து எடுத்து வந்தேன். நோட்டில் அவர் முடிவின் கீழே கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், எல்லாருக்கும் வேண்டியிருந்தது. "எனக்கும்", "என்னுதையும் எவனாச்சும் திருடிடுவான்" என்று வரிசை. ஐம்பத்தொரு ரேகை, டீச்சரம்மா! பாய்கூட, தப்புக்கு அபராதமாக, கையெழுத்துப் போடாமல் ரேகை வைத்தார். வாசல் பதிவேட்டிலும் வைக்கிறீர்களா என்று கேட்டேன். "அதுக்கென்ன, வெச்சாப் போவுது" என்கிறார்கள் இப்போது.

ஜூன், ஜூலைக் கணக்கு மோசமாகத்தான் நிற்கிறது. ஆகஸ்டு 28 அன்று அதிகாரி நேரில் வருகிறார். ஆனால் அன்று நான் இங்கே இருக்க மாட்டேன். இலாகா என்னை மூன்று மாதப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்புகிறது, பதினான்காம் தேதி ரயில். எனக்குப் பதிலாக வருகிறவர் நல்ல மனிதர்தான், புத்தகம் கொடுப்பார், வாங்குவார். மூன்று மணிக்குப் படிக்க அவரால் ஆகாது. யாரும் படிக்காவிட்டால் எத்தனை நாள் வருவார்கள்?

தங்களை வா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. தம்பி வீட்டில் சௌகரியமாக இருக்கிறீர்கள். ஆனால் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அடைக்கலராஜ்.


ஸ்ரீ:

தொட்டியம்,
10-8-1961

அன்புள்ள அடைக்கலராஜுக்கு,

தம்பியை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். "சௌரி, நான் என் ஆத்துக்கே போறேன். உன் பேர்ல எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ என்னைப் பார்க்கணும்னா அங்கே வா. மாசம் ஒருதரம் பெருமாளையும் சேவிச்ச மாதிரி ஆச்சு." கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "கட்டிலை என்ன பண்றது?" என்றான். அவனையே அதில் படுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இது காளியாயி சொல்லிக் கொடுத்த வழி. யாரிடமும் சொல்ல வேண்டாம், உரிமை கேட்டு ரேகையோடு வந்துவிடுவாள்.

நாள் பார்த்ததில் பதினாறாம் தேதிதான் நன்றாக இருக்கிறது. காலை ஏழரை பஸ், முசிறி வழி. உங்களைப் பார்க்க முடியாது, நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். அலமாரிச் சாவியைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வேஷ்டி சட்டையெல்லாம் எண்ணி எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் எண்ணுகிற லட்சணம்தான் தெரிந்துவிட்டதே.

ரங்கநாயகி.


திருவல்லிக்கேணி, சென்னை,
30-8-1961

அன்புள்ள டீச்சரம்மா,

வந்து பதினைந்து நாளாகிறது. இங்கே எங்களுக்குப் புத்தகத்தை எப்படி வகைப்படுத்துவது என்று சொல்லித் தருகிறார்கள். வாசகர்களை எப்படி வகைப்படுத்துவது என்று பாடம் இல்லை. நேற்று வகுப்பில் "முதியவர்கள் நூலகத்துக்கு வர என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். நான் எழுந்து, "கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிடலாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும், சாயங்காலம் வந்து விவரமாகச் சொல் என்றார்.

இருபத்தெட்டாம் தேதி முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அதிகாரி வந்தாரா? கிளை இருக்கிறதா, போய்விட்டதா? நல்லதோ கெட்டதோ உடனே எழுதுங்கள். சோறு இறங்கவில்லை.

கோமளா எந்த வண்டியில் ஏறினாள்? நான் நாவல் படிப்பதில்லை என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அடைக்கலராஜ்.


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
2-9-1961

அன்புள்ள அடைக்கலத்துக்கு அநேக ஆசீர்வாதம்.

முதலில் சோறு சாப்பிடுங்கள். கிளை இருக்கிறது!

நான் வந்திறங்கின அன்று அவர்கள் செய்த ஆர்ப்பாட்டத்தை நேரில் சொல்கிறேன். காளியாயி என் பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்து, "இது மேல உக்காருங்க டீச்சர்" என்றாள். நடுத்தெருவில், பெட்டி மேல் உட்கார்ந்து, அவள் கொடுத்த காப்பியைக் குடித்தேன். ஆசாரம் எல்லாம் அன்றைக்குக் காவிரியோடு போயிற்று. மனசு நிறைந்திருந்தது.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் இரண்டே முக்காலுக்கு அதிகாரி வந்தார். முகத்தைப் பார்த்தால் மூடிவிட்டுப் போவதற்கே வந்த மாதிரி இருந்தது. வாசல் பதிவேட்டை விரித்து ஜூன், ஜூலைப் பக்கங்களில் பென்சிலால் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணி ஆயிற்று. நம் ஜனங்கள் வந்தார்கள், ஒவ்வொருவராக ரேகை வைத்தார்கள், பாயில் உட்கார்ந்தார்கள். அதுவரை வேறு கதை படித்துவிட்டு, அன்றைக்குத்தான் சணல் கயிற்றை அவிழ்ப்பதாகப் பேச்சு. ஐம்பத்தெட்டுப் பேர். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

நான் பழைய புத்தகத்தில் கடைசி வரியைப் படித்தேன். "கோமளா குனிந்து பெட்டியைத் தூக்கினாள்." பிறகு உங்கள் நோட்டை எடுத்து ஒவ்வொரு முடிவாகப் படித்தேன். சொன்னவர்கள் அவரவர் முறை வந்தபோது எழுந்து நின்றார்கள். என் தம்பியும் அன்று வந்திருந்தான். அவன் சொன்ன முடிவில் கோமளா சென்னை போகிறாள், ஆனால் மாசம் ஒருதரம் அண்ணனைப் பார்க்க வருகிறாள். அதை மட்டும் இரண்டு தரம் படித்தேன்.

அதிகாரி மெல்ல நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். வீரமலை அவரைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க? எந்த வண்டி?" என்று கேட்டுவிட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, "மெட்ராஸ் வண்டி" என்றார். "அப்ப ரேகை வெய்யுங்க" என்று காளியாயி மைப்பெட்டியை நீட்டினாள். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்மா" என்றார் பாவம். "தெரியட்டுமே. இங்க எல்லாரும் ரேகைதான்." வைத்தார்! சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே வைத்தார். நோட்டில் உள்ள பெயர்களும் ரேகைகளும் வருகைதான், கணக்கில் சேரும் என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். இந்த மூன்று மணிக் கதை நேரத்தை மற்ற கிளைகளிலும் நடத்தப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் கயிற்றை அவிழ்த்தோம். பன்னிரண்டு பக்கம் படித்தேன். கோமளா அண்ணன் வண்டியில் ஏறுகிறாள். அண்ணன் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாகிறான். பதின்மூன்றாம் நாள் சுந்தரேசன் வருகிறான், கடைசிப் பாராவில் கல்யாணம். நான் புத்தகத்தை மூடினேன்.

"அவ்வளவுதானா?" என்றார் ஜெகபர் சாதிக் பாய்.

வீரமலை சொன்னதுதான் ஜெயித்தது. ஆனால் அவருக்கே சந்தோஷமில்லை. "நான் சொல்லையில நல்லா இருந்துச்சே" என்றார். காளியாயிதான் பெருந்தன்மையாக, "எழுதுனவருக்கு ஏதோ அவசரம் போல, விடுங்க" என்றாள்.

அதனால் நாங்கள் ஒரு காரியம் செய்துவிட்டோம். விதிப்படி உங்களைக் கேட்டிருக்க வேண்டும். திருச்சிப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, நம் 2316-இல் கிழிந்த இடத்தில், உங்கள் நோட்டுத் தாள்களை வைத்துப் பைண்டு செய்துவிட்டோம். பாய்தான் ஊசி நூலால் தைத்தார், தையல் பிரியவே பிரியாது. நடுவில் ஒரு வெள்ளைத் தாள் மிச்சம் இருந்தது. அது நீங்கள் வந்து உங்கள் முடிவை எழுதுவதற்கு. பதிவேட்டில் 'பக்கங்கள் சரியாக உள்ளன' என்று மறுபடி எழுதலாம். எண்ணியாகிவிட்டது.

என் முடிவையும் எழுதினேன். கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். காளியாயி பேனாவை வாங்கி வைத்துவிட்டு, என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினாள். கை நடுங்காமல் பிடித்திருந்தாள். இந்தக் கடிதத்தின் ஓரத்தில் ஊதாவாகத் தெரிவது அந்த மைதான். கழுவினேன், போகவில்லை.

ரங்கநாயகி.